குமிழ்க் கட்சி

லேப்டாப்பில் அம்பை நகர்த்த டச்பேட் நல்லதா, எழுத்துகளுக்கு நடுவே துருத்திக்கொண்டிருக்கும் சிவப்புக் குமிழ் நல்லதா என்று யாராவது பேச்செடுத்தால், இன்றைக்கும் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் அது பெரிய கட்சிச் சண்டை. அத்தா, அதாவது என் அப்பா, குமிழ்க் கட்சி; நான் டச்பேட் கட்சி.

அத்தாவுக்குத் துபாயில் பில் அடிக்கிற வேலை. நான் ஐந்தாவது படிக்கும்போது லீவில் வந்தவர், ஆபீஸில் கழித்துப்போட்ட கறுப்பு லேப்டாப் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். லெப்பைக்குடிக்காட்டில் எல்லார் வீட்டுக்கும் செண்ட் பாட்டில் வரும், தைலம் வரும். எங்கள் தெருவில் லேப்டாப் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். அதில் இரண்டுமே இருந்தன: பென்சில் பின்னால் இருக்கும் ரப்பர் மாதிரி ஒரு குமிழ், கீழே வழவழவென்று டச்பேட்.

"எழுத்த வுட்டுக் கை எறங்கவே வேணாம் பாரு" என்பார் அத்தா, ஒற்றை விரலால் குமிழை அழுத்திக்கொண்டே.

"நீங்க அமுக்கி அமுக்கி அம்பு போய்ச் சேர்றதுக்குள்ள நான் பெரம்பலூர் போயிட்டு வந்துடுவேன்."

சீட்டு விளையாடும்போது இருவரும் ஒரே நேரத்தில் கைவைப்போம். அவர் மேலே தள்ள, நான் கீழே இழுக்க, அம்பு நடுவில் நின்று நடுங்கும். "புள்ளைக்குச் சீட்டாட்டம் சொல்லிக்குடுக்கத்தான் பிளேன் ஏறி வந்தீங்களாக்கும்?" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் வரும்.

சண்டையில் கடைசியில் ஜெயித்தது நான்தான். லீவு முடிந்து எதிர்க்கட்சி திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் ஏறிவிட்டது. லேப்டாப் முழுக்க எனக்கே. ஜெயிப்பது இவ்வளவு போரடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆளில்லாத பக்கத்தையும் நானே ஆடிப் பார்த்தேன். இடது கை குமிழில், வலது கை டச்பேடில். இரண்டு கையும் ஒரே ஆளுடையதாக இருந்தால் சண்டை வருவதில்லை.

ஒரு மத்தியானம் கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்பு தானாக நகர்ந்தது. மெதுவாக, மேல்மூலையைப் பார்த்து. அத்தா ஊரில் இருந்தவரை அவர் விரல் குமிழிலேயே கிடந்ததால் இது தெரியவில்லை போலும். அந்த வெள்ளிக்கிழமை அத்தாவின் போன் வந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"நாந்தாம்மா. இங்கேருந்து தள்ளுறேன். கடல் தாண்டி வரணும்ல, அதான் மெதுவா வருது" என்றார்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் "அப்படியா" என்றாள், அவ்வளவுதான். நான் அதை முழுசாக நம்பவில்லை. நம்பாமலும் இல்லை.

அடுத்த மாதம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. திரையைப் பார்த்ததுமே, "குமிழ் தேஞ்சு போச்சுக்கா. ஆஃப் பண்ணிட்டா அம்பு ஒழுங்கா நிக்கும். டச்பேடு ஒண்ணு போதும்" என்றார். என் கட்சிக்குத்தான் பேசினார். நான் லேப்டாப்பின் மேல் அப்படியே கவிழ்ந்து படுத்துக்கொண்டேன்.

"தொடாதீங்க மாமா! அது அத்தாவோடது!"

"டச்பேடுதான் ஒசத்தின்னு குதிச்சது நீதான?" சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். "வுடு தம்பி. அது பாட்டுக்குப் போவட்டும்."

அன்றிலிருந்து மத்தியானங்களில், வேலை ஓய்ந்ததும், "அதத் தொறந்து வய்யி" என்பாள். பக்கத்தில் வந்து உட்காருவாள். "இப்புடித் தடவணும்மா" என்று அவள் விரலைப் பிடித்து டச்பேடில் வைத்தால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். "நீயும் தொடாத. சும்மா இரு." அம்பு மெள்ள மெள்ள மூலைக்குப் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டது, கூச்சம்தான் தடுக்கிறது என்று நினைத்தேன். கூச்சம் தெளிந்ததும் அவளை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.