கண்ணாடிமேல் இருந்த பேர்

எங்கள் ஊரில் வண்டி வாங்கப்போகிறோம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், சைக்கிளுக்குக் காற்று அடிக்கத் தெரியாதவன்கூட வாசலுக்கு வந்து யோசனை சொல்வான். என் வீட்டுக்காரர் பிக்கப் வாங்கலாம் என்று முடிவு செய்த மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த யோசனைகளை ஏற்றவே ஒரு பிக்கப் வேண்டியிருந்தது. புதுசுதான் நிலைக்கும் என்றார் ஒருவர். பழசு வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வந்தால் தொடவே கூடாது என்றார். அவருடைய மொபெட் எண்ணை மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஐந்து வந்தது. அந்த மொபெட் மூன்று மாதமாக ஸ்டார்ட் ஆகாமல் வேப்பமரத்தடியில் நிற்கிறது.

என் வீட்டுக்காரர் பதினோரு வருடமாகப் பாடாலூரில் ஒரு வெங்காய மண்டிக்காரரின் வண்டியை ஓட்டியவர். சுற்றுவட்டாரத்துச் சின்ன வெங்காயத்தில் பாதி அவர் கையால்தான் திருச்சிக்குப் போயிருக்கும். ஆனாலும் எந்த ஊருக்குப் போனாலும் ‘மண்டிக்காரர் டிரைவர்’ என்றுதான் அவரைத் தெரியும். இனிமேல் சொந்த வண்டி, நான்தான் ஓனர் என்று அவர் சொன்னபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. புதுசுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தபோதுதான் எரிச்சல் வந்தது. பெரம்பலூரில் ஒரு ஆபீசில் கிளார்க்காக இருக்கும் என் சம்பளத்தை நம்பித்தான் கடனே கிடைக்கும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

ஒருநாள் ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே யாரோ ஒரு குடும்பம் வண்டி எடுத்துக்கொண்டிருந்தது. வண்டிமேல் துணி போர்த்தி, அதை விலக்கி, கேக் வெட்டி, ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த சாவியைக் குடும்பமே சேர்ந்து பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வேலை செய்கிறவர்கள் வரிசையாக நின்று கை தட்டினார்கள். நாளைக்கு மாட்டுச்சாணம் ஏற்றப்போகிற வண்டிக்கு இவ்வளவு அலங்காரமா என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. என் வீட்டுக்காரரோ வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணத்தன்று என்னைக்கூட அவர் அப்படிப் பார்க்கவில்லை.

ஆபீசில் விசாரித்து நானே ஒரு பழைய வண்டியைக் கண்டுபிடித்தேன். வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு நிலக்காரருடையது. நாலு வருடம்தான் ஆகியிருந்தது, சொந்த வயல் வேலைக்கு மட்டும் ஓடியது. மகன் வெளிநாடு போய்விட்டதால் விற்கிறார்கள். மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார், இன்ஜினைப் போட்டுக் காது கொடுத்துக் கேட்டார், கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொல்லிவிட்டுத் தன் பைக்கில் கிளம்பிவிட்டார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த நிலக்காரர் வீட்டு வயலில்தான் என் மாமனாரும் மாமியாரும் காலமெல்லாம் கூலிவேலை செய்தார்கள். அந்த வீட்டு வாசற்படியை அவர்கள் ஏறியதில்லை. இன்று எங்களுக்குப் போர்டிகோவில் நாற்காலி போட்டார்கள், அவர்கள் குடிக்கிற டம்ளரிலேயே காபி கொடுத்தார்கள். வாங்கிக் குடித்துவிட்டு, காலம் எப்படி மாறிவிட்டது பார் என்று எனக்குள்ளேயே மெச்சிக்கொண்டேன். ஒரு டம்ளர் காபியில் மயங்கிய புத்தி என் புத்தி.

விலையும் படிந்தது. எழுந்திருக்கும்போது நிலக்காரர் ஒன்று சொன்னார். முன்கண்ணாடியின் மேல்பக்கம் பெரிய எழுத்தில் அவருடைய அப்பா பேர் ஒட்டியிருந்தது. அதை மட்டும் எடுக்கக் கூடாதாம். அந்தக் குடும்பத்து வண்டி எங்கே போனாலும் அந்தப் பேரோடுதான் போகுமாம், முன்னால் விற்ற டிராக்டர்கூட அப்படித்தானாம். என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு, “அதுக்கென்னங்க, இருந்துட்டுப் போவட்டும்” என்றேன். ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று பெரிய மனசோடு சாவியைக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் அந்தப் பேரையே பார்த்துக்கொண்டு நின்றார். அட்டைச் சாவி கிடைக்காத ஏக்கம் என்றுதான் நினைத்தேன். பேரா வந்து வண்டி ஓட்டப்போகிறது, ஏறுங்கள் என்று அதட்டினேன். ஏறினார்.

ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. உரக்கடைக்காரர் ஒருவர் ரோட்டின் நடுவில் நின்று கையைக் காட்டினார். நிறுத்தினோம். அவர் எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆளை விட்டுப் பின்னால் ரெண்டு மூட்டை உரத்தை ஏற்றச் சொல்லிவிட்டு, கண்ணாடிமேல் இருந்த பேரைப் பார்த்தபடியே, “புது டிரைவரா? ஐயா வூட்டுல எறக்கிடு” என்றார். என் வீட்டுக்காரர் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? சரிங்க என்றார். வண்டியைத் திருப்பினார். அந்த வீட்டுக்கு ஓட்டிக்கொண்டுபோய், ரெண்டு மூட்டையையும் தானே முதுகில் சுமந்து கொட்டகையில் இறக்கினார்.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. உரக்கடைக்காரர்மேல், சரிங்க என்ற இவர்மேல், எல்லாரையும்விட என்மேல். நிலக்காரர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். வண்டி வாங்க வந்தவர் ஏன் மூட்டை சுமக்கிறார் என்று அவருக்குக் கேள்வியே வரவில்லை.

“மூணு மூட்ட சொல்லியிருந்தேனே. ரெண்டுதான் குடுத்தானா?” என்றார்.

என் வீட்டுக்காரர் சட்டையைத் தட்டிக்கொண்டு நின்றார். அரைமணி நேரத்துக்கு முன் நாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகள் அங்கேயேதான் கிடந்தன. உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நான் சாவியை வாங்கி நிலக்காரரிடம் நீட்டி, வண்டி வேண்டாம் என்றேன். வண்டியில் என்ன குறை என்று கேட்டார். வண்டி நல்ல வண்டிங்க என்று என் வீட்டுக்காரர் உண்மையைச் சொன்னார். பேரை எடுத்துக்கொள்ளலாம் என்றால் இப்போதே வாங்கிக்கொள்கிறோம் என்றேன். அம்மா, அது எங்கள் அப்பா பேர், அது மட்டும் முடியாது என்று நிலக்காரர் குரல் தழுதழுக்கச் சொன்னார். அப்பாமேல் அவ்வளவு பாசம் இருக்கிறவர் வண்டியை விற்காமல் வீட்டிலேயே வைத்துக் கற்பூரம் காட்டியிருக்கலாம். விற்ற பிறகும் ஊரெல்லாம் தன்னுடையதாகவே ஓட வேண்டும், ஓட்டவும் எங்கள் ஆள் வேண்டும், டீசல் மட்டும் நாங்கள் போட வேண்டும். நல்ல கணக்கு.

அந்தக் குடும்பத்து வேட்டி பழசானால் தீபாவளிக்குத் தன் அப்பாவுக்குக் கொடுப்பார்கள் என்று பஸ்சில் வரும்போதுதான் என் வீட்டுக்காரர் சொன்னார். அதைக் கட்டிக்கொண்டு அப்பா தெருவில் நடந்தால், ஐயா வேட்டியா என்று எல்லாரும் கேட்பார்களாம். அப்பா சிரித்துக்கொண்டே ஆமாம் என்பாராம். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. படித்தவள் என்ற திமிரில் நானும் கேட்டதில்லை.

புது வண்டியே எடுத்தோம். முதல் வேலையாக அவர் பேரைக் கண்ணாடியில் பெரிதாக எழுதச் சொன்னேன், நிலக்காரர் பேரைவிடப் பெரிதாக. பெரம்பலூர் ஸ்டிக்கர் கடையில் அரைநாள் நின்று யோசித்துவிட்டு, ஒன்றும் ஒட்டாமலே திரும்பி வந்தார். பேரும் இல்லை, சாமியும் இல்லை, எலுமிச்சம்பழம்கூட இல்லை. மொட்டைக் கண்ணாடி. இதுக்கா இவ்வளவு பாடு என்று திட்டினேன். எழுதிவிட்டால் எவன் கேட்பான் என்றார். எனக்கு அது விளங்கவில்லை.

போன மாதம் வரதராஜன்பேட்டையில் ஒரு விசேஷத்துக்கு வண்டியிலேயே போனபோது விளங்கியது. முந்திரி வியாபாரி ஒருவர் வாடகைக்கு வண்டி தேடி வந்தார். வெள்ளை வேட்டி, வாயில் பாக்கு. வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். பிறகு டிரைவர் சீட்டில் இருந்தவரிடம், ஓனர் யாருப்பா என்று கேட்டார்.

“நான்தாங்க” என்றார் இவர். அதற்காகவே காத்திருந்தவர்போல முகமெல்லாம் சிரிப்பு.

வியாபாரி அவரை மேலிருந்து கீழே பார்த்தார். சட்டை, செருப்பு, முகம் எல்லாவற்றையும் பார்த்தார். “அது சரிப்பா. வண்டி யாருதுன்னு கேட்டேன்.”

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. என் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கி, “அவருதாங்க ஓனரு. ஆர்சி புக்கு காட்டணுமா?” என்றேன். வியாபாரி வாடகைக்கு வண்டியே வேண்டாம் என்று பாக்கைத் துப்பிவிட்டுப் போனார்.

அவர் வண்டியை எடுத்தார். முகத்தில் இருந்த சிரிப்பு ஜெயங்கொண்டம் வரும்வரை திரும்பவில்லை. அந்த ஆள் அப்படிப் பேசியதுக்கு வருத்தப்படுகிறார் என்று நினைத்து, அவன் கெடக்கான் விடுங்க என்றேன்.

“அவன உடு. ரெண்டாவது தடவையும் நானே சொல்லியிருப்பேன்ல” என்றார்.