பிரதோஷத்தன்று தின்ற வெல்லம்

எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன பிறகு வந்த முதல் பிரதோஷம். விரதத்தை விட மனம் வரவில்லை. மாத்திரை சாப்பாட்டுக் கணக்கில் வராதே என்று காலையில் வெறும் தண்ணீரில் போட்டுக்கொண்டு, தஞ்சாவூரில் கும்பகோணம் பஸ் ஏறினேன்.

பக்கத்தில் மையடித்த மீசைக்காரர் ஒருவர். சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். என் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

அய்யம்பேட்டை தாண்டியதும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது.

“சுகர் மாத்திரை போட்டீங்களா?” என்றார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?”

“விரதம்.”

சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் மடித்த வெல்லத் துண்டை எடுத்து நீட்டினார். இனிப்பே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் யாரோ கொடுத்ததைத் தின்று மயங்கி, நகையைப் பறிகொடுத்தவர்கள் கதையும் நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்றேன்.

“மயக்க மருந்துன்னு பயப்படுறீங்க. வெறும் வயித்துல மாத்திரை போட்டு சுகர் இறங்கிருச்சு. இதைத் திங்கலன்னாதாங்க மயங்குவீங்க” என்று அதை உடைத்து, பாதியைத் தன் வாயில் போட்டு மென்றார். “பாத்தாச்சா? விரதம் கெட்ட பாவத்தைச் சிவன் என் கணக்குல எழுதிக்கட்டும். தின்னுங்க.”

தின்றேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது.

“இனிமே விரதம்னா டாக்டரைக் கேட்டுக்கிட்டு இருங்க” என்று சொல்லிவிட்டுப் பாபநாசத்தில் இறங்கிப் போனார்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி கேட்டாள்: “பையில வெல்லத்தோட அலையறாருன்னா, அவருக்கும் சர்க்கரைதானேங்க?”

அப்படியானால் தனக்கு ஆகாத அந்தப் பாதியை, முன்பின் தெரியாத நான் நம்பவேண்டும் என்பதற்காகவா அந்த மனிதர் தின்றார்?