நான் போட்ட தரை

மாட்டுவண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டையை வெட்டி வளைத்த வளையம் அது. தென்னங்கம்பத்தில் ஆணி வைத்து அடித்திருந்தது. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், எங்கள் சேரிப் பிள்ளைகளை வாத்தியாராக்க நடந்த பயிற்சிப் பள்ளியில் முதல் கூடைப்பந்து அந்த வளையத்தில்தான் விழுந்தது. ஒரே வளையம், இரண்டாவதுக்கு வழியில்லை. தரை நான் போட்டது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான்; இன்றைக்கு மூன்று அறுவடை மெஷின் ஓடுகிறது, எல்லாம் இந்தக் கையால் வந்தது. அந்தக் காலத்தில் நெல் அடிக்கக் களம் போட வேண்டுமென்றால் நாலு ஊரிலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். களிமண்ணும் பதரும் சேர்த்து மிதித்து, கட்டையால் தட்டி, சாணி மெழுகிக் கொடுத்தேன். பந்து துள்ளியதைப் பார்த்து அணியின் கேப்டன், "அண்ணே, சிமெண்டு தோத்துச்சு போங்க" என்றார்.

எட்டு மாதம் காலையும் மாலையும் கேப்டன் அந்த வளையத்தில் போட்டுப் பழகினார். பத்துக்கு ஒன்பது விழும். அப்போது தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்று எங்கள் பிள்ளைகளை முதல்முறையாக ஆடக் கூப்பிட்டது. தேறினால் வருஷா வருஷம் போட்டியில் சேர்ப்போம், இல்லாவிட்டால் இதோடு சரி என்று சொல்லியே கூப்பிட்டார்கள். லாரியில் நானும் போனேன். அங்கே சிமெண்டுத் தரை. கேப்டன் போட்ட பந்தெல்லாம் வளையத்துக்கு முன்னாலேயே இறங்கியது. "கதிரடிக்கிற கை, கீழதான்டா போகும்" என்று ஒருத்தன் கத்தினான், ஒரே சிரிப்பு. கேப்டன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோற்றோம். மறுவருஷம் அழைப்பு வரவில்லை.

தோற்றுவந்த வருஷத்து ஐப்பசி மழையில்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் தரையில் விழுந்த தண்ணீர் முழுக்க வளையக் கம்பத்தடிக்கு ஓடியது. களமென்றால் தண்ணீர் நிற்கக் கூடாது. ஒரு பக்கம் ஒரு சாண் இறக்கிப் போடுவது என் கைப்பழக்கம். யோசிக்காமலே இதையும் இறக்கியிருக்கிறேன். மேட்டில் நின்று பள்ளத்து வளையத்தில் போட்டுப் பழகியவர், சமதரையில் எப்படிப் போடுவார்? சொல்லத்தான் போனேன். அவர் பந்தைத் தொடுவதையே விட்டிருந்தார். சொல்லவில்லை.

போன மாதம் கேப்டன் இறந்துபோனார். தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். மாலையோடு போனேன். அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. அவர் மகன் நாற்காலி போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றான்.

"அப்பா கடைசிவரைக்கும் சொல்வாங்க பெரியப்பா. அண்ணன் தரையை அவ்வளவு சுத்தமாப் போட்டுக் குடுத்தாரு, என் கைதான் அன்னிக்கு ஏமாத்திடுச்சுன்னு. நீங்க போட்டதுதானே?"

"நான்தான்" என்றேன். "இந்தப் பக்கத்துல என்னை மாதிரி களம் போட ஆள் கிடையாது."