பைப் பார்க்க வந்த சம்பந்தி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு சோபாவில் பைப் துண்டுகள் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. என் மகனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

எப்படி இந்த நிலைமை வந்தது? சொல்கிறேன்.

மகன் பாளையங்கோட்டையில் ஒரு பேங்கில் வேலை பார்க்கிறான். பெண்ணுக்குத் திசையன்விளை, டீச்சர். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. போனில் பேசிப் பேசி மொட்டை மாடியில் நடந்தே பையன் பாதியாக இளைத்துவிட்டான். பாக்கி இருந்தது ஒன்றுதான் – பெண் வீட்டார் வீடு பார்க்க வர வேண்டும்.

மற்ற ஊர்க்காரர்கள் வீட்டில் என்ன பார்ப்பார்களோ, தெரியாது. திசையன்விளை மாதிரி தண்ணீருக்குத் தவிக்கிற செம்மண் தேரிப் பக்கத்திலிருந்து ஆற்றங்கரைக்குப் பெண் கொடுப்பவர்கள் நேராகப் போய்க் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். "பையன் பேங்க்ல இருக்கான்" என்று தரகர் ஆரம்பித்ததுமே பெண்ணின் அப்பா கேட்டாராம், "அது கெடக்கட்டும், தண்ணி வசதி எப்படி?"

இங்கேதான் எங்களுக்கு உதறல். தாமிரபரணி ஓடுகிற ஊர்தான்... ஆனால் எங்கள் வீட்டுக் குழாயில் காலையில் முதல் வாளி டீ கலரில் வரும். வீடு கட்டியபோது போட்ட இரும்புக் குழாய், உள்ளே முழுக்கத் துரு. அதைப் பார்த்தால் யார் பெண் கொடுப்பார்கள்? "பைப்பை மாத்திருவோம்" என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கவே கூடாது.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தேங்காய்த் துருவி வாங்குவதற்கு டவுன் முழுக்க ஏறி இறங்கியவர். யூடியூபைத் திறந்தார். அந்த வாரமே பைப் பண்டிதர் ஆகிவிட்டார்.

முதலில் செம்பு. "தாமிரபரணித் தண்ணிக்குத் தாமிரக் குழாய்தான் பொருத்தம்" என்றார். அப்படியென்றால் பாலாற்றுக்காரர்கள் பால் கேனிலா குளிக்கிறார்கள்? நல்லவேளை, கடையில் விலையைக் கேட்டதும் அந்தப் பொருத்தம் தானாக விட்டுப்போனது.

அடுத்து பக்கத்து வீட்டு காதர் பாய். துபாயில் ரொம்ப வருஷம் கட்டட வேலை பார்த்தவர். பச்சைக் கலர் பி.பி.ஆர். பைப் ஒன்றைக் கையோடு கொண்டுவந்தார். "சூடு பண்ணி ஒட்டுத பைப்பு இது. பைப்பும் பைப்பும் ஒண்ணாயிரும். பேரன் காலத்துலயும் ஒழுகாது வே." ஒட்டுகிற மெஷின் எங்கே என்று கேட்டேன். துபாயில் இருக்கிறதாம்.

பிளம்பர் சுடலைக்கு சி.பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் பைப்பைத் தவிர வேறு எதுவும் ஆகாது. ஏன் என்று விசாரித்தால், அந்த பைப்போடு ஒரு கூப்பன் வருகிறது. கூப்பன் சேர்ந்தால் மிக்ஸி. சுடலை வீட்டு மிக்ஸி ரிப்பேர். யோசித்துப் பார்த்தால், காரணத்தைத் தெளிவாக வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

சாதா பி.வி.சி. போதாதா என்று நான் வாயைத் திறந்தேன். "கீசர் தண்ணிக்கு வளைஞ்சிரும்" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

பைப் முடிவாகவில்லை. ஆனால் சுடலை சுவரை உடைத்துவிட்டார். எந்த பைப் போட்டாலும் சுவரை உடைத்துத்தானே ஆக வேண்டும் என்றார். நியாயம்தானே? அடுப்படிச் சுவர் வாயைப் பிளந்து கிடக்க, சாம்பிள்கள் சோபாவில் கிடக்க, ஞாயிற்றுக்கிழமை வந்தது. சம்பந்தி வீட்டாரும் வந்தார்கள்.

பெண்ணின் அப்பா பலசரக்கு வியாபாரி. வந்தவர் சோபாவைப் பார்த்தார். பச்சைப் பைப்பை எடுத்துச் சுண்டிப் பார்த்தார்.

"இதையா போடப் போறீய?"

"முடிவாகலை அண்ணாச்சி. சி.பி.வி.சி.தான் நல்லாருக்கும்னு பாக்கேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது மாடி வெயில்ல வெடிச்சிரும்லா. நான் எங்க வீட்டுல இந்தப் பச்சைதான் போட்டிருக்கேன்."

"அப்படிச் சொல்லுங்க" என்று காதர் பாயும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பையனுக்கு என்ன சம்பளம் என்று யாரும் கேட்கவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் விட்டுக்கொடுத்தாரா? போனை எடுத்து வீடியோவைக் காட்டினார். "பச்சை பைப்பு தடிமன் அண்ணாச்சி, சுவர்ல டைல்ஸ் நிக்காது. வெவரம் தெரிஞ்சவங்க போடமாட்டாங்க" என்றார்.

"அப்போ எனக்கு வெவரம் இல்லைங்கிய." பெண்ணின் அப்பா பைப்பைக் கீழே வைத்துவிட்டுத் தோள் துண்டைச் சரிசெய்தார். கிளம்பப் போகிறார் என்றே நினைத்தேன்.

மகன் என்னைப் பார்த்தான். ஜாதகம் பொருந்தி, மனசு பொருந்தி, கடைசியில் பைப் பொருந்தாமலா என் பிள்ளை கல்யாணம் நிற்க வேண்டும்?

அப்போதுதான் பெண்ணின் அம்மா என்னிடம் வந்து, "அடுப்படியைப் பாக்கலாமாக்கா?" என்றார். கூட்டிப்போனேன். உடைந்த சுவரைப் பார்த்தார். சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன்.

"பைப்பு என்னத்தையும் போடட்டும்க்கா. தண்ணி எப்ப வரும்?"

"விடியதுக்கு முன்ன கீழ்த்தொட்டிக்கு வரும். நாமதான் மோட்டாரைப் போட்டு மேல ஏத்தணும். குடிக்கதுக்குத் தனியா குடத்துல பிடிக்கணும்."

"எந்திரிச்சுப் பிடிக்கது யாரு?"

எத்தனை நாளாக எங்கள் வீட்டில் தண்ணீரைப் பற்றியே பேச்சு... இந்தக் கேள்வியை ஒரு ஆள் கேட்டாரா? "நான்தான்" என்றேன்.

"எங்க ஊர்ல தண்ணி வண்டி எப்ப வந்தாலும் ஓடணும். ஓடி ஓடியே என் இடுப்பு போச்சு. இங்கன தண்ணி இருக்கு, சந்தோசம். ஆனா எம்பொண்ணு வேலைக்குப் போறவ. மோட்டார் போடுததுக்கு ஒரு ஆளு வேணும்னு நீங்க தேடினீயன்னா, இப்பவே சொல்லிருங்கக்கா." கோபமாகச் சொல்லவில்லை. பைய, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. மருமகள் வந்துவிட்டால் காலையில் இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்று எனக்குள்ளும் ஒரு நினைப்பு இருந்தது. மகன் வைத்திருக்கிற அம்மாக்களே, உங்களுக்கு இல்லையா?

மகனைக் கூப்பிட்டேன். "ஏலே, இங்கன வா. மோட்டார் சுவிட்ச் எது?"

பேங்கில் ஊர்ப் பணத்தையெல்லாம் கட்டி மேய்க்கிறவன், சுவிட்ச் போர்டு முன்னால் திருதிருவென்று விழித்தான். ஒன்றை அமுக்கினான். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியது. அடுத்ததை அமுக்கினான். வாசல் லைட் எரிந்தது. பிறந்ததிலிருந்து இந்த வீட்டுத் தண்ணீரில் குளிக்கிறவன்.

பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சரியான சுவிட்சைக் காட்டினேன். "இதுதான். நாளையில இருந்து நீதான் போடணும். கல்யாணத்துக்குப் பொறவும் நீதான்."

"சரிம்மா" என்றான். அந்த நேரத்தில் கிணறு வெட்டச் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பான்.

"அப்போ பூ வச்சிரலாம் மைனி" என்றார் அந்த அம்மா. அதுவரை அக்காவாக இருந்த நான் அந்த நிமிஷத்தில் மைனி ஆனேன் – எங்கள் பக்கம் சம்பந்தி முறைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்கள். கண் கலங்கிவிட்டது. ஹாலுக்குப் போனவர் தன் வீட்டுக்காரரிடம், "பைப்பை விடுங்க. தேதி பாக்கணும்" என்றார். அவ்வளவுதான், சண்டை முடிந்தது.

எது நல்ல குழாய் என்று கேட்டுப் பாருங்கள்... தெருவே வந்து யோசனை சொல்லும். குடத்தோடு யார் நிற்பது என்று கேட்டால் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும்.

பைப் என்ன ஆயிற்று என்கிறீர்களா? சுவர் அப்படியேதான் இருக்கிறது. ஹோஸ் வைத்துச் சமையல் ஓடுகிறது. சம்பந்திகள் இரண்டு பேரும் மாறி மாறி பைப் வீடியோ அனுப்பிக்கொள்கிறார்கள்.

தினமும் விடிவதற்கு முன் திசையன்விளையிலிருந்து எனக்கு ஒரு போன் வருகிறது.

"மருமவன் எந்திரிச்சாச்சா மைனி?"

போர்வையை விலக்காமலே பதில் சொல்கிறேன் – "மோட்டார் சத்தம் கேக்கு மைனி."