ஞானசுந்தரிக்காகக் கொடுத்த மனு

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டிக்கொண்டிருந்தவள் குருவம்மாள். அவள் புருஷன் சுடலை விடிகாலையில் மக்காச்சோளக் காட்டோரம் ஒதுங்கப் போனார். காட்டுப்பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி. காட்டுக்காரர் செல்லச்சாமி ஊரில் பெரிய கை.

ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வருவதற்குள் சுடலை ரத்தத்தில் கிடந்த படம் எல்லார் செல்போனுக்கும் போய்விட்டது. கீழே 'கள்ளத்தொடர்பு காரணமா?' என்று ஒரு வரி. பஸ்ஸில் யாரோ அதைப் பார்த்துக்கொண்டிருந்ததை மகள் ஓவியா கண்டாள். பன்னிரண்டாம் வகுப்பு அதோடு நின்றது.

பிறகு யார் கதவைத் தட்டினாலும் குருவம்மாள் திறப்பதில்லை. எட்டாம் நாள் ஞானசுந்தரி வந்தபோதும் ஜன்னல் வழியாகத்தான் பேசினாள். விருதுநகரில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர் அந்தப் பெண்.

"படம் எடுக்க வரலக்கா. வேண்டாம்னா போயிருதேன்."

"எழுதி என்ன ஆகப்போகுது தாயி?"

"தெரியலக்கா. அந்தத் துப்பாக்கி எங்கன இருந்து வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. அதத்தான் விசாரிக்கப் போறேன். எத எழுதக்கூடாதுன்னு மொதல்ல நீங்க சொல்லுங்க."

குருவம்மாள் கதவைத் திறந்தாள். மகள் பேர் வேண்டாம் என்றாள். அவர் ஒருநாளும் வீடு தங்காமல் இருந்ததில்லை, அதை மட்டும் எழுது என்றாள்.

மூன்று வாரம் அலைந்து எழுதிய செய்தியில் உடலின் படம் இல்லை. அந்த வட்டாரத்தில் இரண்டு வருஷத்தில் இப்படி நாலு பேர் குண்டடி பட்டதும், யாருடைய காடுகளில் துப்பாக்கி இருக்கிறது என்பதும் இருந்தது. குருவம்மாள் சொன்னதும் இருந்தது. சாவு வீட்டிலும் அழாத ஓவியா அதை வாசித்துவிட்டு அழுதாள்.

பத்தே நாளில், பொய்ச் செய்தி என்று ஞானசுந்தரி மேல் செல்லச்சாமி வழக்குப் போட்டார். அவள் எங்கள் ஊழியரே இல்லை என்று பத்திரிகை கைகழுவியது.

தீபாவளி சீசன், கம்பெனியில் லீவு இல்லை. ஆனாலும் திங்கள்கிழமை குருவம்மாள் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பினாள். கூட வருவதாகச் சொன்ன பதினோரு பேரில் பஸ்ஸுக்கு வந்தது இரண்டு பேர்.

மனு வாங்கியவர் கேட்டார்: "புருஷன் செத்ததுக்கு நிவாரணமாம்மா?"

"இல்லங்கய்யா. எழுதுன பிள்ள மேல போட்ட கேச எடுக்கணும். அது எழுதுனது அம்புட்டும் நெசம். எங்கன வேணாலும் வந்து சொல்லுதேன்."

அவர் முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் கம்பெனி வாசலிலேயே குருவம்மாளை வாட்ச்மேன் நிறுத்திவிட்டான். முதலாளி செல்லச்சாமிக்குச் சம்பந்தி முறை. இப்போது அவள் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகிறாள். ஞானசுந்தரிக்கு எந்தப் பத்திரிகையிலும் வேலை கிடைக்கவில்லை. திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் காலண்டருக்குப் பிழை திருத்துகிறாள். வழக்கு நடக்கிறது.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் குருவம்மாள் கோர்ட்டுக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள்.

"ஏன்க்கா சும்மா அலையுறீக? உங்கள இன்னும் சாட்சிக்குக் கூப்பிடலையே."

"நீ ஒத்தையில உக்காந்திருப்பியே தாயி."

போன முறை நீதிபதி விடுப்பு. ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். இரண்டு பேரும் வெளியே வந்து, ஆளுக்கொரு பஸ்ஸுக்காக நின்றார்கள்.