காய்ந்த வருஷத்துக் கணக்கு

என் வீட்டுக்காரர் முதன்முதலில் எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்த சாயங்காலம் கரண்ட் இல்லை. அந்த வருஷம் மழை பொய்த்து அணைகளெல்லாம் வற்றிக் கிடந்தன. அப்பா ஓலை விசிறியால் தனக்கும் அவருக்குமாக விசிறிக்கொண்டிருந்தார். மின்சார இலாகாக்காரர் வந்திருக்கும்போதுகூட இப்படியா என்று அம்மா சமையற்கட்டில் முணுமுணுத்தாள். நானும் அதே இலாகாதான். என்னை அவள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

திட்டப் பிரிவில் அவரும் நானும் இன்ஜினியர்கள், அடுத்தடுத்த மேஜை. பக்கத்து மாநில அணையிலிருந்து மின்சாரம் வாங்க ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்த சமயம். வரும் வருஷங்களுக்கான திட்டத்தில் அதை எவ்வளவு என்று போடுவது? ஒப்பந்தத்தில் இருப்பதை அப்படியே போடுங்களேன் என்பார்கள் மற்றவர்கள். இவர் மாட்டார். பழைய மழைக் கணக்குகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, ரொம்பக் காய்ந்த வருஷத்திலும் அந்த அணை எவ்வளவு கொடுக்குமோ அதை மட்டும் ‘நிச்சயம்’ என்று எழுதுவார். மற்றதெல்லாம் வந்தால் வரவு. பிடிவாதக்கார மனுஷன். அந்தப் பிடிவாதத்தில்தான் நான் விழுந்தேன், வேறென்ன சொல்ல!

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு அப்புறமும் பெண் வேலைக்குப் போவாள், அதற்கு எந்தத் தடையும் வராது என்று வாக்குக் கொடுக்க முடியுமா? முன்பு வந்த வரன் இதற்கு இனிக்க இனிக்கத் தலையாட்டிவிட்டு, தாம்பூலம் மாற்றும் நேரத்தில் பல்டி அடித்திருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கக் கூடாதா இந்த மனுஷன்?

யோசித்துவிட்டுச் சொன்னார்: “எங்கம்மா ஒத்துப்பாங்களான்னு தெரியாது சார். என்னை வெளியூருக்கு மாத்தினா என்ன ஆகும்னும் தெரியாது. வேலையை விடுன்னு என் வாயால சொல்ல மாட்டேன். அது மட்டும் நிச்சயம்.”

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவுதானா தம்பி என்றார். எனக்கோ சந்தோஷத்தில் அழுகை முட்டியது. அவர் கொடுத்தது காய்ந்த வருஷத்துக் கணக்கு என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். போதும்ப்பா என்றேன்.

மாமியார் ஒத்துக்கொள்ளத்தான் இல்லை. இவரை ஈரோட்டுக்கும் மாற்றினார்கள். அங்கே தனியாகப் பொங்கித் தின்றுவிட்டு, சனிக்கிழமை ரயிலேறி வருவார். மனுஷன் பாதியாக இளைத்துவிட்டார். பார்க்கப் பொறுக்காமல் ஒரு நாள் நானே கேட்டேன், வேலையை விட்டுவிட்டு அங்கேயே வந்துவிடட்டுமா என்று.

என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுன்னு சொல்ல மாட்டேன். இருன்னு வேணா சொல்றேன்.”

ஓய்வு பெறும்வரை இருந்தேன்.