பத்து பாட்டில் சேறு

ஸ்பிரிட் ஊற்றிய பாட்டிலின் மேல் மார்க்கரால் எழுதக் கூடாது. பென்சிலால் எழுதிய சீட்டை பாட்டிலுக்குள்ளேயே போட வேண்டும். எங்கள் துறையில் முதல் வாரமே சொல்லித் தருகிற விஷயம் இது. நான் அவசரத்தில் மார்க்கரால்தான் எழுதினேன். காக்கிநாடாவிலிருந்து செகந்திராபாத் வருகிற ரயிலில் மூடிகள் கசிந்தன. வீட்டில் பையைத் திறந்தால் ஸ்பிரிட் பட்டு எழுத்தெல்லாம் அழிந்து பத்து பாட்டிலும் மொட்டை. எது எந்த இடத்துச் சேறு என்று தெரியவில்லை.

என் ஆராய்ச்சியே அதுதான். அலையாத்திக் காட்டுச் சேற்றில் மணல் அளவுகூட இல்லாத ஓட்டு உயிரிகள் உண்டு. தரையின் உயரம் மாறினால் அவற்றின் வகையும் மாறும். எப்போதாவது தண்ணீர் ஏறுகிற மேட்டில் மண் துகள்களை ஒட்டிக் கட்டிய பழுப்பு ஓடுகள். தினம் மூழ்குகிற பள்ளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு ஓடுகள். கோதாவரி முகத்துவாரத்திலும் இப்படித்தானா என்று பார்க்கவே போனேன். பத்து இடத்தின் உயரமும் நோட்டில் இருந்தது. பாட்டில்தான் எது என்று தெரியாது.

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். தம்பி அப்போதுதான் சாஃப்ட்வேரில் சேர்ந்திருந்தான். எதற்கு என்பதற்கு 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று ஊர் உருதுவைக் கலந்துதான் பேசுவான்.

"கைக்கு அக்கா இந்தச் சேறு? நக்கோ, விடு. அமீர்பேட்டை கோச்சிங் சென்டர்ல மூணு மாசம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் படி. ஏசில உக்காரலாம்."

இந்த வருடம் முடிக்காவிட்டால் அமீர்பேட்டைதான் என்று அப்பாவும் சொல்லிவிட்டார். மழை தொடங்கிவிட்டது, மறுபடி போய் எடுக்கவும் வழியில்லை.

மூன்று வாரம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து ஓடுகளை எண்ணினேன். வெள்ளை அதிகமானதைக் கீழே, பழுப்பு அதிகமானதை மேலே வைத்து, பாட்டில்களை வரிசைப்படுத்தி எழுதி கைடிடம் கொடுத்தேன். எதைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அதை வைத்தே வரிசை போட்டுவிட்டு, வரிசை சரியாக இருக்கிறது என்கிறாயா என்று கேட்டார். தாளை டிராயரில் போட்டுப் பூட்டினார். வராண்டாவில் அவரை வாய்க்குள்ளேயே திட்டினேன். அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் ஆத்திரம்.

மறுநாள் பாட்டில்களைக் கொட்டிக் கழுவப் போனேன். ஒவ்வொன்றின் கழுத்திலும் வலை நூல் சுற்றியிருந்தது. சேறு எடுக்க என்னைக் கூட்டிப்போன படகுக்காரர் கட்டியது. இது எதற்கு, வேலையைப் பாருங்கள் என்று அப்போதே அவரிடம் கத்தியிருந்தேன். அறுக்க பிளேடை எடுத்தேன். நூலில் மூன்று முடிச்சு. அடுத்த பாட்டிலில் ஏழு. பிளேடைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் எண்ணினேன். ஒன்று முதல் பத்து வரை, ஒரு எண்ணும் விட்டுப்போகவில்லை, எதுவும் இரண்டு தடவை வரவில்லை.

படகுத்துறை டீக்கடைக்குப் போன் போட்டு அவரை வரவழைத்தேன். அவர் தெலுங்கில் நிதானமாகச் சொன்னார்: தனக்கு எழுத்து வராது, மீன் கூடைக்கும் இப்படித்தான் போடுவார், தண்ணீர் ஓரத்தில் எடுத்ததற்கு ஒரு முடிச்சு, மேலே போகப் போக ஒவ்வொன்று கூடுதல். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். என்றைக்குக் கத்தினேன் என்று அவருக்கு நினைவில்லை.

கைடு டிராயரைத் திறந்து என் தாளை எடுத்தார். முடிச்சோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். எட்டு பொருந்தியது. நான்காவதும் ஐந்தாவதும் இடம் மாறியிருந்தன. அவர் சிரித்தார்.

"பத்தும் பொருந்தியிருந்தா உன்னைச் சந்தேகப்பட்டிருப்பேன். எழுத ஆரம்பி."

அன்று மெட்டுகுடா பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஒரு ஆள் ஷூவோடு என் காலை நன்றாக மிதித்தான். வேறு நாளாக இருந்தால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருப்பேன். காலை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டேன்.